புகைபோக்கியில் பிசுக்கு இல்லை

தீ விபத்துப் பயிற்சிக்காகக் கேண்டீனை மூடி நான்கு நாளாகியிருந்தது. அடுப்புகள் சில்லிட்டுக் கிடந்தன. ஆனாலும் பாதுகாப்பு அதிகாரியின் கையிலிருந்த படிவத்தின்மேல் மேலேயிருந்து ஒரு சொட்டு விழுந்தது. மஞ்சள் சொட்டு. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. அதை மோந்து பார்த்ததுதான் அவர் செய்த தப்பு. பல தடவை காய்ந்த எண்ணெயும், குளிக்காத தலையும், பல் தேய்க்காத வாயும் ஒன்றாகக் கலந்த வாடை மூக்கில் அடித்தது.

பிசுக்கு என்றாலே அவருக்கு ஆகாது. ஊருக்கெல்லாம் தீயைப் பற்றிப் பாடம் எடுக்கிற மனிதர், வீட்டில் எண்ணெய்ச் சட்டியைக் கழுவச் சொன்னால் நைசாகக் கழன்றுகொள்வார். அந்த அருவருப்பில்தான், அடுப்புக்கு மேலே ஏறிப்போகும் புகைபோக்கிக் குழாயின் மூடியை மூன்று வருடமாக அவர் திறக்கவே இல்லை. திறக்காமலேயே வருடா வருடம் அபாய மதிப்பீட்டுப் படிவத்தில் ‘பிசுக்கு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் குழாய், மாடியில் ஊழியர்களின் பிள்ளைகளுக்கான காப்பகத்துச் சுவருக்குள் புகுந்துதான் கூரைக்குப் போகிறது. அவருடைய நாலு வயது மகளும் மதியம் அங்கேதான் தூங்குகிறாள். பிசுக்கில் தீப்பிடித்தால் குழாய் வழியாகவே மேலே ஏறும் என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டார்.

“என்ன சார், மேலயே பாத்துட்டு நிக்கறீங்க?” என்றார் சமையல் மாஸ்டர். வாணலியில் எண்ணெய் ஊற்றி, அடுப்பின்மேல் தயாராக வைத்திருந்தார். மூன்று மணிக்கு மணி தானாக அடிக்கும். அடித்ததும் எண்ணெயைப் பற்றவைத்து, தீப்போர்வையைப் போட்டு அணைத்துக் காட்ட வேண்டும். புகை குழாய் வழியாக வெளியே போகட்டும் என்று அடுப்புக்கு மேலேயே வைக்கச் சொன்னவரும் அதிகாரிதான்.

“ஏணியக் கொண்டாங்க.”

மூடியின் ஆணிகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. மாஸ்டர் சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றிக் கொடுத்தார். உள்ளே முழங்கை அளவுக்கு மெழுகாக அப்பியிருக்கும், அதில் பூச்சிகள் செத்து ஒட்டியிருக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு டார்ச்சை நீட்டினார் அதிகாரி.

தகரம் பளபளவென்று மின்னியது.

“நீங்க எழுதுனது எழுதுனபடியே இருக்கே சார்” என்று சிரித்தார் மாஸ்டர்.

அதிகாரிக்கு அப்பாடா என்றிருந்தது. “மணி அடிச்சதும் பத்த வைங்க மாஸ்டர். எனக்காகக் காத்திருக்க வேணாம். நான் மேல போய், இது பயிற்சிதான், பயப்படாதீங்கன்னு சொல்லிட்டு வரேன்.”

பாதிப் படி ஏறியதும்தான் அது உறைத்தது. ஆணிகள் துருவேறி இருந்தனவே. அப்படியானால் குழாயை யார் சுத்தம் செய்தது? மூன்று வருடப் பிசுக்கு எங்கே போனது?

கைப்பிடிக் கம்பி வழுக்கியது. உள்ளங்கையைப் பார்த்தார். மஞ்சளாக இருந்தது. அதே வாடை, இப்போது இன்னும் சூடாக, தொண்டைக்குள்ளேயே உட்கார்ந்தது. சுவருக்குள் ஏதோ ஒன்று சாவகாசமாக விழுங்கிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. களக். களக்.

காப்பகத்து வாசலில் ஆயாம்மா உட்கார்ந்திருந்தாள். “மெதுவா சார். இன்னிக்கு ஒண்ணுகூட அழல. சுவரு கதகதன்னு இருக்குன்னு எல்லாம் அதுலயே ஒட்டிப் படுத்துக்கிச்சுங்க.”

திரைச்சீலை போட்ட அறை. பாய்கள் எல்லாம் காலியாகக் கிடந்தன. சுவரோரம் வரிசையாகப் பிள்ளைகள். சுவரின் அடியில், காற்று வருவதற்கான கம்பிவலை. கம்பிவலையின் ஒவ்வொரு கண் வழியாகவும் மஞ்சளாக, தடிமனாக, விரல் விரலாக ஏதோ வெளியே பிதுங்கியிருந்தது. ஒவ்வொரு விரலும் ஒரு வாய்க்குள்.

அவர் மகள் மூன்றாவதாகப் படுத்திருந்தாள். கண்ணை மூடிச் சப்பிக்கொண்டிருந்தாள். தொண்டை ஏறி இறங்கியது. களக்.

அதிகாரி குனிந்தார். வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் அவள் வாயிலிருந்த விரலைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. கைக்குள் துடித்தது. அதில் முடி இருந்தது. நகம் இருந்தது. மகளைப் பிடித்து இழுத்தார். தோளில் பிடி நிற்கவில்லை. வழுக்கியது. அவள் தோலிலிருந்தே எண்ணெய் கசிந்தது.

“அம்மு. வாய எடும்மா. துப்பு.”

அவள் கண்ணைத் திறந்தாள். கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. வாய் ஓரத்தில் வழிந்ததை நாக்கால் நக்கிக்கொண்டாள்.

“சூடா இருக்குப்பா. நீயும் சாப்பிடு.”

மணி அடித்தது.

“மாஸ்டர், வேணாம்!” என்று கத்தினார். மணி ஓயவில்லை. கதவுக்கு ஓடக் கால் எடுத்தார். கால் வழுக்கியது. விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார்.

கீழே, சொன்னபடியே, மாஸ்டர் பற்றவைத்தார்.

கம்பிவலைக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது. மஞ்சள் விரல்கள் ஒவ்வொன்றும் உள்ளிருந்து சிவந்தன. வரிசையாகப் படுத்திருந்த பிள்ளைகளின் கன்னங்கள் ஒவ்வொன்றாக, உள்ளிருந்து, வெளிச்சமாயின.