அவிய வாழை

செவ்வாய்க்கிழமை என்றால் எங்கள் தெருவில் காலையில் யாரும் செடிக்குத் தண்ணீர் ஊற்றமாட்டோம். இலை ஈரமாக இருந்தால் ஆய்வாளரின் இனங்காணிக் கருவி தப்பாகப் படித்துத் தொலைக்கும். முருங்கை, கறிவேப்பிலை, செம்பருத்தி என்று ஒவ்வொன்றிலும் பெயர்வில்லையைக் கட்டிவிட்டு ஆய்வாளருக்காகக் காத்திருப்போம். வாடல் நோயில் நாட்டு வாழையெல்லாம் மண்ணோடு மண்ணாய்ப் போன பிறகு வந்த சட்டம் இது. பேர் இல்லாத செடி உயிரோடு இருக்கக் கூடாதாம். என்ன சட்டமோ!

பழைய ஆய்வாளர் என் கொல்லையைக் கண்டும் காணாமல் போய்விடுவார். அன்றைக்கு வந்தவள் புதியவள், ஜெபசீலி. வாசலில் நின்று, "நீலன் ஐயா வீடுதானே?" என்று கேட்டுவிட்டு நேராகக் கிணற்றடிக்குப் போனாள்.

அங்கே நின்றது என் பெண்சாதி தங்கம்மையின் வாழை. கல்யாணமாகி வந்தபோது தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த கன்றின் வழி வந்தது. வாடலுக்கும் தப்பிவிட்டது. போன வருடம் அவள் செத்த பிறகு நான் வாய் திறந்து பேசியதெல்லாம் அதனோடுதான். அது குலை தள்ளியிருந்தது, காலடியில் மூன்று கன்றுகள்.

ஜெபசீலி கருவியை இலையில் வைத்தாள். மூன்று முறையும் 'அறியாத இனம்' என்றது. ஒரே ஒரு வழி இருப்பதாகச் சொன்னாள். மாதிரி கிடைக்காமல் பேர் மட்டும் மிஞ்சிய வாழைகளின் பட்டியல் ஒன்று கருவியில் பூட்டிக் கிடக்கிறது. வீட்டில் வழங்கும் பேர் அதில் ஒன்றோடு ஒத்துப்போனால் மரத்துக்கு வேலி போட்டுக் காவலே வைப்பார்கள்.

"நான் எடுத்துக் கொடுக்கக் கூடாது ஐயா. வீட்ல என்ன பேரு சொல்லுவிய, அத மட்டும் சொல்லுங்க."

"அவிய வாழை" என்றேன். தங்கம்மை அப்படித்தான் சொல்வாள், அவித்துத் தின்கிற வாழை என்பதால் அந்தப் பேர் என்று விளக்கமும் கொடுத்தேன். பெரிய பண்டிதன் அல்லவா நான். ஜெபசீலி 'அவியன்', 'அவியல்வாழை' என்றெல்லாம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். எதுவும் ஒத்துவரவில்லை.

கத்தினேன். பிறகு கையெடுத்துக் கும்பிட்டேன். அவளுக்கும் கண் கலங்கியது, ஆனால் சட்டம் சட்டம்தானே. கூட வந்த இரண்டு பேர் மரத்தையும் கன்றுகளையும் வெட்டி எரித்தார்கள். கிழங்கைத் தோண்டியெடுத்துக் குழியில் சுண்ணாம்பு கொட்டினார்கள்.

வெட்டி முடிந்தால் பட்டியல் தானாகத் திறக்கும், வீட்டுக்காரர் பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்காக. ஜெபசீலி திரையைத் தள்ளிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

"ஐயா, ஒங்க வீட்டம்மா ஒங்கள எப்படிச் சொல்லுவாவ?"

எப்படிச் சொல்வாள். புருசன் பேரை உச்சரித்தால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பினவள். ஆஸ்பத்திரியில் கேட்டால்கூடச் சேலையின் நீலக் கரையைத் தூக்கிக் காட்டுவாள், நர்ஸ்கள் சிரிப்பார்கள்.

"'அவிய வந்தாவ', 'அவிய சாப்ட்டாவ'ன்னுதான் சொல்லுவா" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். பதினேழாவது பேர்: நீலன். தண்டில் நீலம் பூத்திருக்கும், அவித்துத் தின்பது.

நாற்பத்தொரு வருடம் தங்கம்மையின் அந்த நம்பிக்கையைக் கேலி செய்திருக்கிறேன். கேலி செய்ய இனி என்ன இருக்கிறது? கடைசிவரை அவள் என் பேரைச் சொல்லவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன்.