பேயனூர் ரகசியத்தைப் போட்டு உடைத்தவர்

1991 பிப்ரவரி. ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி.

ஒரகடம் கூட்டுரோட்டில் ரகுபதியின் வாடகை நூல் நிலையம் இன்னும் திறக்கவில்லை. அதற்குள் குற்றம் நடந்து முடிந்திருந்தது.

கடை வாசல் கரும்பலகையில், கோணல்மாணலான பெரிய எழுத்தில் ஒரே வரி.

'புளியமரத்துல குளவி.'

முனிரத்தினம் அதைப் படித்தார். நம்ப முடியாமல் இன்னொரு தரம் படித்தார். பிறகு சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடக்கூடத் தோன்றாமல் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஷெர்லின் வந்தபோது, தலைக்கு மேலே ஒரு சர்க்கஸ் யானை முன்னங்காலைத் தூக்கி நிற்க, கீழே அவர் துக்க வீட்டில் உட்காருகிறமாதிரி உட்கார்ந்திருந்தார். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் பாதி சுவரிலும் பாதி பலகையிலுமாக அந்த யானையை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை.

"போச்சும்மா," என்றார் முனிரத்தினம். "பதினெட்டு வருசம் காத்துகினு இருந்தது எல்லாம் போச்சு. எவனோ கதையை ஒடைச்சிட்டான்."

ஷெர்லின் பலகையைப் பார்த்தாள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

விஷயம் இதுதான். 'பேயனூர் நகராட்சி' என்று ஒரு கதை வரிசை, ஆண்டுக்கு ஒரு புத்தகம் வீதம் பதினெட்டு ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தது. பேய்களும் பூதங்களும் சேர்ந்து ஒரு நகராட்சியை நடத்தினால் எப்படி இருக்கும் என்பதுதான் கதை. இருட்டுக்குப் பயப்படும் சேர்மன் பூதம். தொலைந்த ஒற்றைச் செருப்புக்காக வருடா வருடம் மனு கொடுக்கும் முனி. உருண்டுகொண்டே போய் ஊரெல்லாம் வம்பு சொல்லும் குழவி என்கிற குட்டைப் பேய், அம்மிக் குழவியில் குடியிருப்பவள். இவர்களுக்கெல்லாம் தெரியாத ஒன்று உண்டு. ஆபீஸ் வாசல் புளியமரத்தில் ஒளிந்துகொண்டு, போகிறவர் வருகிறவர் தலையில் புளியங்கொட்டை எறிவது யார்? முதல் புத்தகத்தில் விழுந்த முடிச்சு அது. 'புளியமரத்தில் இருப்பது யார்? விடை இந்தப் புத்தகத்தில்' என்று இந்த வருடம் விளம்பரமே கொடுத்திருந்தார்கள்.

ஷெர்லின் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பிரேக் லைனிங் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். நைட் ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்க யாரோ கொடுத்த பழைய பேயனூர் புத்தகத்தைப் படித்து, சத்தமாகச் சிரித்து, சூப்பர்வைசரிடம் மாட்டிக்கொண்டவள். அதே கம்பெனியில் ஃபிட்டராக இருந்த முனிரத்தினம்தான் அவளைக் காப்பாற்றி, கூட்டுரோட்டு வாசகர் குழுவில் சேர்த்துவிட்டார். குழுவுக்குப் பெயர் 'வார்டு நம்பர் ஏழு'. புதுப் புத்தகம் திங்கட்கிழமை கடைக்கு வரும் என்றால், வார்டு ஏழுக்கு மட்டும் சனிக்கிழமையே அரக்கு முத்திரை வைத்த பார்சல் மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் வந்துவிடும். ஞாயிறு சாயங்காலம் வல்லக்கோட்டை போகிற பாதையில் ஒரு பெரிய புளியமரத்தடியில் குடும்பத்தோடு கூடி, பார்சலைப் பிரித்து, மாற்றி மாற்றி உரக்கப் படிப்பார்கள்.

அந்தப் பார்சல் நேற்றிலிருந்து ரகுபதியிடம்தான் இருந்தது.

எட்டு மணிக்குப் படப்பை பஸ்ஸில் வந்து இறங்கிய ரகுபதியின் கையில் பார்சல் இருந்தது. முகத்தில் சிரிப்பு இருந்தது. பலகையைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"நான் எழுதல," என்றார்.

"வேற யாராண்ட புஸ்தகம் கீது?" என்றார் முனிரத்தினம். "பலகை உன்னுது. பார்சல் உன்னாண்ட. வேற எவன் எழுதுவான்?"

அதற்குள் காந்திமதி டீச்சரும் வந்துவிட்டார். ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வாய் திறந்து ஒருவரையும் குறை சொல்லாதவர், பலகையை உற்றுப் பார்த்துவிட்டுத் தயக்கத்தோடு சொன்னார்: "குழவிக்கு ளனா போட்டிருக்கு. ரகுபதி சார் போன மாசம் 'பளைய புத்தகம்'னு எழுதி வெச்சிருந்தார். நான்தான் திருத்தினேன்."

அதோடு ரகுபதியின் கதை முடிந்தது. முனிரத்தினம் எழுந்தார். நூல் நிலையத்தில் இருந்த பேயனூர் புத்தகங்களில் பாதி அவர் கொடுத்தவை. "என் புஸ்தகத்தை எல்லாம் கட்டி வையி. சாயங்காலம் மரத்தாண்ட எல்லார் முன்னாலயும் நீ பதில் சொல்லு. அப்பறம் உன் சங்காத்தமே வாணாம்."

ரகுபதி பார்சலை ஷெர்லினிடம் நீட்டினார். அவர் கடையைத் திறக்கக்கூட முயலாமல் நின்றதைப் பார்த்ததும் ஷெர்லினுக்கு முனிரத்தினத்தின் மேல் கோபம் வந்தது. கூடவே, ஒருவேளை இவர்தானோ என்ற சந்தேகமும் வந்தது. இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, கம்பெனியில் லைனிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோலப் பார்சலைப் பார்த்தாள்.

சணல் முடிச்சு இறுகியிருந்தது. அரக்கு எங்கும் விரியவில்லை. காகிதத்தின் மடிப்பில் இரண்டாவது மடிப்பின் தடம் இல்லை. ஒரு தரம் கட்டியதுதான்.

பலகைக்குப் போனாள். எழுத்தை விரலால் தொட்டாள். நறநறவென்றது.

"ரகுபதி அண்ணா, சாக்பீஸ் எங்க வெச்சிருக்கீங்க?"

"உள்ள, மேசை டிராயர்ல."

"சாவி?"

"என்னாண்டதான். நேத்து கரண்டு போச்சு. ஆறு மணிக்கே பூட்டிட்டு ஊட்டுக்குப் போய்ட்டேன்."

"கரண்டு எப்ப வந்தது?"

"எங்க வந்தது? இன்னும் வரல. வல்லக்கோட்டை ரோட்டுக் கம்பத்தாண்ட ஏணி அப்படியே கீதாம், ஆளைத்தான் காணோமாம். பஸ்ல சொன்னாங்க."

சுவரின் மூலையில் காரை புதிதாகப் பெயர்ந்திருந்தது. அதன் கீழே சுண்டுவிரல் அளவில் ஒரு காரைத் துண்டு. அதன் முனை தேய்ந்திருந்தது. ஷெர்லின் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

பிற்பகல், மருந்துக் கடை.

ஸ்ரீதர் கூட்டுரோட்டு மருந்துக் கடையில் வேலை செய்தான். வார்டு ஏழில் அவனுக்குப் பதவியும் உண்டு. கூட்டம் தொடங்கும்போது தகர டின்னைத் தட்டி 'நகராட்சி கூடுகிறது' என்று அறிவிப்பவன் அவன்தான்.

"நேத்து சாயங்காலம் கூட்டுரோட்டுல யாரைப் பார்த்தே?" என்று கேட்டாள் ஷெர்லின்.

"யாரையும் பாக்கலக்கா. ஒரே இருட்டு. மெழுகுவத்தி வெச்சிகினு ஒக்காந்திருந்தேன்."

"கடைக்கு வந்தவங்க?"

"ரெண்டு பேர் இருமல் மருந்து. அப்பறம் நம்ம லைன்மேன் கோதண்டராமன் வந்தாரு. பல்லு வலி. மூஞ்சி ஒரு பக்கம் பன்னு மாதிரி வீங்கிகினு இருந்தது, பாவம். வாயே தொறக்க முடியல. மாத்திரை குடுத்தேன்."

"பல்வலின்னு அவர் சொன்னாரா?"

"அவரால எங்கக்கா பேச முடிஞ்சது? நானா பார்த்துக் குடுத்தேன். வல்லக்கோட்டை பக்கமா கையக் கையக் காட்டினாரு. கூட்டத்துக்கு நானும் வரேன்னு சொல்றாருன்னு நெனச்சேன். வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

ஷெர்லின் சிரித்துவிட்டுக் கிளம்பினாள். எழுதியது ரகுபதி இல்லை என்பது அவளுக்கு ஏறக்குறைய உறுதி. யார் என்பது மட்டும் பிடிபடவில்லை.

மாலை நான்கு மணி.

சண்டை நடந்தாலும் பதினெட்டு வருடப் பழக்கம் விடுமா? புளியமரத்தடியில் ஜமக்காளம் விரித்தாயிற்று. முனிரத்தினத்தின் மனைவி மீனம்மாள் ஒரு தூக்கு நிறையச் சுண்டலோடு வந்திருந்தார். குழந்தைகள் ஜமக்காளத்தில் உருண்டார்கள். பக்கத்தில் மின்கம்பம், அதில் சாய்த்த ஏணி. ரகுபதி ஓர் ஓரமாக, யாரும் அருகில் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"இங்க பாருங்க," என்று மரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து காந்திமதி டீச்சர் ஒரு ரப்பர் செருப்பைத் தூக்கிக் காட்டினார். "ஒத்தைச் செருப்பு. யாரோ முனியோட செருப்பைக் கொண்டாந்து போட்டிருக்காங்க. நல்ல குறும்பு."

எல்லாரும் சிரித்தார்கள். ரகுபதிகூடச் சிரித்தார்.

ஷெர்லின் சிரிக்கவில்லை. பழைய செருப்பு, பெரிய கால், வார் புதிதாக அறுந்திருந்தது. குறும்புக்காகக் கொண்டுவந்து போட்ட செருப்பு அல்ல. ஓடுகிற ஓட்டத்தில் அறுந்த செருப்பு. ஏணியை இறக்காமல், செருப்பை எடுக்காமல், கரண்டைக் கொடுக்காமல் ஓடியவர் யார்? ஓடிப்போய் மருந்துக் கடையில் பேச முடியாமல் நின்றவர் யார்?

அவள் மெதுவாக அண்ணாந்து பார்த்தாள்.

ஏணியின் தலைக்கு நேரே, இலை மறைவில், ஒரு குடத்தைக் கவிழ்த்தமாதிரி சாம்பல் நிறத்தில் ஏதோ தொங்கியது. அதன் மேல் என்னவோ ஊர்ந்தது.

ஸ்ரீதர் தகர டின்னை இடுப்பில் இடுக்கி, குச்சியை ஓங்கினான்.

ஷெர்லின் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தட்டாதே," என்றாள், தணிந்த குரலில். "யாரும் சத்தம் போடாதீங்க. ஜமக்காளம் கிடக்கட்டும். குழந்தைங்களைத் தூக்கிகிட்டு மெதுவா ரோட்டுக்கு வந்துடுங்க."

"இன்னாம்மா ஆச்சு?" என்றார் முனிரத்தினம்.

"மேல பாருங்கண்ணே."

முனிரத்தினம் பார்த்தார். அடுத்த நிமிடம் இரண்டு குழந்தைகளை இரண்டு கையிலும் இடுக்கிக்கொண்டு அவர் நடந்த நடையை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. மீனம்மாள் சுண்டல் தூக்கை விடவில்லை. ஒரு கொட்டுகூடப் படாமல் எல்லாரும் ரோட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

நூல் நிலைய வாசலில் வந்து நின்றதும் ஷெர்லின் பையிலிருந்த காரைத் துண்டை எடுத்துக் காட்டினாள்.

"பலகையில எழுதினது இதால. ரகுபதி அண்ணனுக்குச் சாக்பீஸ் உள்ளேயே இருக்கு. அவர் எதுக்குச் சுவரைப் பேர்த்து எழுதணும்? கடை பூட்டினதுக்கு அப்புறம் வந்த ஒருத்தர்தான் கையில கிடைச்சதை வெச்சு எழுதியிருக்கார். பார்சலையும் யாரும் பிரிக்கல. அப்போ புத்தகத்துல இருக்கறது எழுதினவருக்கு எப்படித் தெரியும்?"

"அதான் எங்களுக்கும் புரியல," என்றார் டீச்சர்.

"தெரியாது டீச்சர். அவர் கதையைப் பத்தி எழுதவே இல்ல. ளனா போட்டது தப்புன்னு நாம எல்லாரும் முடிவு பண்ணிட்டோம். நமக்கு எந்நேரமும் பேயனூர் நெனப்பு. தப்பே இல்லன்னா? அம்மிக் குழவிக்குத்தான் ழனா. கொட்டற குளவிக்கு ளனாதானே?"

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எழுதினவர் லைன்மேன் கோதண்டராமன். நேத்து சாயங்காலம் கம்பத்துல ஏறினவரைக் குளவி கொட்டியிருக்கு. செருப்பை விட்டுட்டு ஓடி வந்திருக்கார். நாம இன்னிக்கு அங்க உட்காருவோம்னு அவருக்குத் தெரியும். வாயால சொல்ல முடியல, ஸ்ரீதருக்குக் கையால காட்டினார். ஸ்ரீதர் பல்லு மாத்திரை குடுத்து அனுப்பிட்டான். அதுக்கப்புறம்தான் இங்க வந்து எழுதியிருக்கார். இவ்வளவு பெரிய பலகையில மேல மட்டும் எழுதிட்டு ஒருத்தர் நிறுத்துவாரா?"

அவள் யானையின் காலடியில் நகத்தை விட்டாள். பசை இழுத்துப் பிடித்தது. போஸ்டர் கிழிந்து கிழிந்து வந்தது. கீழே, ஈரத்தில் கொஞ்சம் கலைந்திருந்தாலும் படிக்க முடிந்தது.

'கூடு கீது. ஒக்காராதீங்க.'

ஸ்ரீதர் மெதுவாகக் கூட்டத்தின் பின்வரிசைக்குப் போனான்.

முனிரத்தினம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரகுபதியின் பக்கம் திரும்பினார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கடைப் படியைத் தட்டித் துடைத்தார்.

"ஒக்காரு ரகுபதி," என்றார். "நான் பேசினது தப்பு. எல்லார் முன்னாலயும் பேசிட்டேன், எல்லார் முன்னாலயும் சொல்றேன். என் புஸ்தகம் எல்லாம் இங்கயே இருக்கட்டும்."

"கட்டி வெச்சாதானே எடுத்துகினு போவீங்க," என்றார் ரகுபதி. "நான் கட்டவே இல்ல."

கூட்டம் கடை வாசலிலேயே தொடங்கியது. ஸ்ரீதர் ஓடிப்போய், இந்தத் தடவை சரியான மாத்திரையோடு, கோதண்டராமனையும் அழைத்து வந்தான். வீங்கிய முகத்தோடு அவருக்கு நாற்காலி போட்டு நடுவில் உட்கார வைத்தார்கள். பார்சலைப் பிரிக்கும் உரிமையை ரகுபதி ஷெர்லினுக்குக் கொடுத்தார். வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்று பக்கம் பக்கமாக விரைந்தார்கள்.

புளியமரத்தில் இருந்தது குழவி இல்லை. எந்தப் பேயும் இல்லை. பதினெட்டு வருடங்களுக்கு முன் பேயனூருக்கு வீட்டுவரி வசூலிக்க வந்து, பேய்களைக் கண்டு பயந்து மரத்தில் ஏறி, இறங்கத் தைரியம் வராமல் அங்கேயே இருந்துவிட்ட ஒரு மனுஷ குமாஸ்தா. அவர் இறங்கி வந்ததும் சேர்மன் பூதம் அவரைப் பார்த்து அலறி மரத்தில் ஏறிக்கொண்டது.

கூட்டுரோட்டில் நின்ற லாரிக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரிப்பு எழுந்தது. கோதண்டராமன் சிரிக்க முடியாமல் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குலுங்கினார். முனிரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, ஷெர்லினைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"அந்தப் பக்கத்தைத் திரும்பப் படிம்மா. இவன் சிரிச்சதுல பாதி காதுல வுழல."

இவன் என்று அவர் தட்டியது ரகுபதியின் முதுகை. ஷெர்லின் பக்கத்தைப் பின்னால் திருப்பினாள்.