பெயரில்லாத இணைப்பு

ஆட்டை அறுத்து முடித்த கையோடு ரஸ் ஈரலை எனாமல் கிண்ணத்தில் போட்டு எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தான். ஞாயிறுதோறும் நடப்பதுதான். வீட்டுக் கறிக்கான ஆட்டை அவனே தேர்ந்து, கொட்டகையில் அறுத்து, தோலுரித்து, கொக்கியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, ஈ மொய்க்காமல் வெள்ளைத் துணிப்பையை மாட்டிவிட்டு வருவான். இரவுக் குளிரில் கறி இறுகியதும் மறுநாள் துண்டு போடுவான். முழங்கைவரை ரத்தம் காய்ந்திருந்தது. சோப்பும் கொழுப்பும் ரத்தமும் கலந்த அந்த வாடைதான், கல்யாணமான நாளிலிருந்து, மார்னிக்கு ஞாயிற்றுக்கிழமையின் வாடை.

"இன்னும் அந்தப் பொட்டியோடதான் மல்லுக்கட்டிட்டு இருக்கியா?" என்றான்.

"நேத்து ராத்திரி அதுவா அப்டேட் போட்டுக்கிச்சு. காலையிலேர்ந்து வைஃபை எடுக்கல. நீ வேணா வந்து கட்டிப் பாரு."

"வாய்க்குள்ள கைவிட்டுப் பல்லு பாக்க முடியாத பிராணிகிட்ட நான் போறதில்ல."

மகள் டெஸ் அடிலெய்டில் பிரசவத்துக்குச் சேர்ந்திருந்தாள். குழந்தை அன்று விடிகாலை பிறந்துவிட்டது. சாயங்காலம் முகம் காட்டுவதாக ரஸ்ஸின் போனில் சொல்லியிருந்தாள். பண்ணையில் செல்போன் கோபுரம் எடுக்காது. பழைய தொலைபேசிக் கம்பியும் எப்போதோ போய்விட்டது. கூரைமேல் இருந்த சாட்டிலைட் தட்டுதான் எல்லாம். மார்னியின் போன் போன வாரம் ஆட்டுத் தண்ணித் தொட்டியில் விழுந்து செத்திருந்தது. ரஸ்ஸின் போனை ஒரு கிடா மிதித்ததில் திரை நொறுங்கி, பேச்சு மட்டும் கேட்கும். பேத்தியின் முகம் பார்க்க லேப்டாப் ஒன்றுதான்.

அவள் வைஃபை பட்டியலைத் திறந்தாள். எப்போதும் அதில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும், அவர்களுடையது. பக்கத்துப் பண்ணைக்கே யூட் என்ற சின்னச் சரக்கு வண்டியில் முக்கால் மணி நேரம் ஆகும். வேறு யாருடைய வைஃபையும் அங்கே எட்ட வழியில்லை. தங்களுடையதற்குப் பாஸ்வேர்டுகூட வைக்கவில்லை. வைக்கச் சொன்னபோது, யாரு, கங்காருவா திருடப் போகுது என்று ரஸ் சிரித்தான். வீட்டுக் கதவுக்கே பூட்டு கிடையாது.

அன்று இரண்டு வரிகள் இருந்தன. முதலாவது அவர்களுடையது, தொட்டால் இணைக்க முடியவில்லை என்றது. இரண்டாவதற்குப் பெயரில்லை. பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் ஒரு பட்டை சிக்னல்.

ரஸ் குனிந்து பார்த்தான்.

"யாரோ டூரிஸ்ட்டு. வண்டி படுத்திருக்கும். இப்போல்லாம் வண்டிக்குள்ளயே வைஃபை வெச்சிருக்கானுங்க."

போய்ப் பார்க்கவா என்று அவன் கேட்கவில்லை. அவளும் வேண்டாமென்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் பாதையோரம் நிற்கும் வண்டியை விட்டுவிட்டுப் போனவனோடு பிறகு யாரும் சேர்ந்து பீர் குடிக்க மாட்டார்கள். வழியில் மாட்டிக்கொண்டவர்கள் கோடையானால் ஒரு பகலில் செத்துவிடுவார்கள், குளிர்காலமானால் ஓர் இரவில். அவன் கையைக்கூடக் கழுவவில்லை. தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டான். கத்திப் பட்டை இடுப்பிலேயே இருந்தது. நாய் பிப் தாவி வண்டியில் ஏறியது. கதவருகே நின்று, ஈரலை வெங்காயம் போட்டு வறுத்து வை, பேத்திகிட்ட தாத்தா இதோ வந்துட்டாருன்னு சொல்லு என்றான். அதுதான் அவன் அவளிடம் நேரில் கடைசியாகச் சொன்னது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தகரக் கூரை சூடு ஆறி டக் டக்கென்று சுருங்கும் சத்தம், குளிர்பெட்டியின் உறுமல், தொட்டிக் குழாயில் நீர் சேர்ந்து சேர்ந்து கனத்துச் சொட்டும் சத்தம், இவற்றுக்கு நடுவே அவள் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். ரவுட்டரைப் பிடுங்கி மறுபடி சொருகினாள். லேப்டாப்பை அணைத்து எழுப்பினாள். விமான முறையைப் போட்டு எடுத்தாள். தங்கள் இணைப்பை மறக்கச் சொல்லி, புதிதாகச் சேர்க்கச் சொன்னாள். வைஃபையை ஓட்டும் மென்பொருளையே நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் பட்டியல் மெதுவாக வந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயரில்லாத வரி முதலிலேயே வந்து காத்திருந்தது.

மூன்றாவது தடவை அதற்கு இரண்டு பட்டைகள்.

மேசைமேல் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. சுற்றுவட்டப் பண்ணைகள் எல்லாருக்கும் பன்னிரண்டாம் சேனல்தான்.

"கேட் பக்கம் ஒருத்தரும் இல்ல, மார்ன். டயர் தடம்கூட இல்ல."

இங்கே இரண்டு பட்டை காட்டுவதாகச் சொன்னாள்.

"அப்போ ஆளு உன் பக்கம்தான் வர்றான். டீய போடு." கொஞ்சம் நிறுத்தி, "பிப்புக்கு என்னவோ ஆயிடுச்சு. வண்டியிலேர்ந்து எறங்க மாட்டேங்குது. சீட்டுக்கடியில தலைய வெச்சுக்கிச்சு" என்றான்.

பாம்பையே கவ்வி உதறுகிற நாய் அது.

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். செம்மண்வெளி, முட்கம்பி, அதற்கப்பால் கொட்டகை. வானத்தின் கடைசி வெளிச்சம் அதன் தகரத்தில் படிந்திருந்தது. எதுவும் அசையவில்லை. பூச்சிச் சத்தமும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பி வந்து பார்த்தாள். மூன்று.

யூட் திரும்பி வரும் சத்தம் கேட்டது. விளக்கொளி முற்றத்தைத் துழாவிவிட்டுக் கொட்டகையின் பின்பக்கம் போய் நின்றது. எஞ்சின் அணைந்தது. ரேடியோவில் அவன் குரல் இப்போது தாழ்ந்திருந்தது.

"கொட்டகைக்குள்ள யாரோ இருக்காங்க. துணிப்பை ஆடுது. காத்தே இல்ல, ஆடுது." பிறகு, அவளிடம் அல்ல, எதிரே இருக்கும் யாரிடமோ, அந்நியரிடம் பேசும் மரியாதைக் குரலில்: "என்னங்க, வழி தவறிட்டீங்களா? தண்ணி வேணுமா?"

நாய் ஒரே ஒரு தடவை கத்தியது. கத்தல் பாதியில் வெட்டுப்பட்டது.

பிறகு ரேடியோ அணையவில்லை. யாரோ பேசும் பொத்தானை அழுத்தியபடியே வைத்திருந்தார்கள். அப்படி ஒருவர் அழுத்திப் பிடித்திருந்தால் அந்தச் சேனலில் வேறு யாரும் வாய் திறக்க முடியாது. கேட்க மட்டுமே முடியும். மார்னி தன் பொத்தானை அழுத்தி அழுத்திக் கூப்பிட்டாள். ரஸ். ரஸ். ஒன்றும் போகவில்லை. அங்கிருந்து சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

காலணி மண்ணில் இழுபடும் சத்தம். கனமான எதுவோ தகரத்தில் மோதியது, மறுபடி மோதியது. ரஸ் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான், அது குமிழியாக உடைந்தது. ஆட்டின் கழுத்தைப் பின்னால் மடக்கும்போது வருமே, ஈரமான ஒரு முறிவு, அது. பிறகு சங்கிலி கொக்கியில் ஏறும் கிணுகிணுப்பு. பிறகு தோலுக்கும் சதைக்கும் நடுவே கைமுட்டியை விட்டுக் குத்திக் குத்தி உரிக்கும் சத்தம். அவசரமில்லாமல். எத்தனையோ ஞாயிறுகளில் கேட்டது. அது ஏற்கெனவே உரித்த ஆடுதான், வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உரித்த ஆட்டை யாரும் மறுபடி உரிப்பதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

சத்தம் நின்றது.

"மார்ன்" என்றது ரேடியோ.

ரஸ்ஸின் குரல். அவள் லேப்டாப் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அடிபட்டுடுச்சு, மார்ன். டாக்டரக் கூப்பிடு."

உயிரோடு இருக்கிறான். விமானத்தில் பறந்து வரும் டாக்டரைக் கூப்பிட வேண்டும். ரஸ்ஸின் போன் அவனிடமே இருந்தது, லேப்டாப்பில் கூப்பிட வைஃபை வேண்டும். அவள் தங்கள் இணைப்பைத் தொட்டாள். முடியவில்லை. மறுபடி தொட்டாள். முடியவில்லை. கீழே பெயரில்லாத வரி நான்கு பட்டைகளும் நிறைந்து காத்திருந்தது. தொட்டாள்.

பாஸ்வேர்டு கேட்கவில்லை. இணைந்தது.

மற்ற கருவிகள் இந்தக் கணினியைக் கண்டுகொள்ளலாமா என்று ஒரு கேள்வி வந்தது. ஆம் என்றாள். இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

டாக்டர் எண்ணை அழுத்தினாள். மணி அடிக்கவில்லை. உடனே எடுத்துவிட்டார்கள். ஹலோ என்றாள். மறுமுனையில் ஹலோ என்றது, அவள் குரல்தான், கொஞ்சம் பிந்தி. அதற்குப் பின்னால் ஒரு குளிர்பெட்டி உறுமியது. ஒரு குழாய் சொட்டியது.

"வந்துச்சா, மார்ன்?" என்றது ரேடியோ. "வைஃபை வந்துச்சா?"

வாசல் பக்கம் சரளையில் காலடி. ரஸ்ஸின் நடைதான், இடதுகாலை லேசாக இழுக்கும் நடை. ஆனால் ரஸ் படியருகே நின்று பூட்ஸை உதறிக் கழற்றாமல் ஒருநாளும் ஏறியதில்லை. இந்தக் கால்கள் நிற்கவில்லை. வெறுங்கால். ஈரம். பலகைமேல் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

ஏறுவது அவன் இல்லை. அப்படியானால் அவன் இன்னும் கொட்டகையில் கிடக்கிறான்.

ரேடியோவை எடுத்துக்கொண்டு துணி துவைக்கும் அறை வழியாகப் பின்பக்கம் வெளியேறினாள். பின்னால் வலைக்கதவின் ஸ்பிரிங் நீண்டு இழுபடும் சத்தம். ஓடவில்லை. ஓடினால் சரளை காட்டிக்கொடுக்கும். புல்மேலேயே நடந்தாள்.

கொட்டகை விளக்கு எரிந்தது. வாசலில் பிப் கிடந்தது, அதைத் தாண்டினாள். இரண்டு கொக்கி. இரண்டு துணிப்பை. பக்கம் பக்கமாக, சமமான உயரத்தில், சுருக்கு கட்டிய விதம்கூட ஒன்றுபோல. ஒன்று நீளம். அதன் அடியில் சிமெண்ட் கருத்து மின்னியது. சாக்கடைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் பையை விலக்கவில்லை. விலக்கத் தேவையிருக்கவில்லை. ஆட்டை உரிக்கும்போது கணுக்காலோடு நிறுத்திக்கொள்வார்கள். பைக்கு மேலே, கொக்கியில், இரண்டு கால்கள். கணுக்காலுக்குக் கீழே மட்டும் தோல் இருந்தது. அவள் பின்னிய பச்சைக் காலுறைகளும் இருந்தன.

கையிலிருந்த ரேடியோ பேசியது.

"எங்க போயிட்ட? வா, மார்ன். டெஸ் கூப்பிடறா."

அவள் திரும்பினாள்.

முற்றத்துக்கு அப்பால் சமையலறை ஜன்னல் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அவள் நாற்காலியில், அவளுக்கு முதுகு காட்டி, ரஸ் உட்கார்ந்திருந்தான். சட்டை இல்லை. தோளில் கம்பி கிழித்த பழைய தழும்பு. காதோரம் நரைமுடி. இடுப்புக்கு மேலே தோல் சரியாகப் பொருந்தாமல் மடிந்திருந்தது. மணிக்கட்டோடு அது முடிந்தது. அதற்குக் கீழே மவுசைப் பிடித்திருந்த கை சிவப்பாக, விரல்கள் கூடுதல் நீளமாக இருந்தன.

அவனுக்கு எதிரே லேப்டாப் திரை. அதில் டெஸ். தலைமுடி கலைந்து, களைத்து, சிரித்துக்கொண்டு, ஒரு துணிப்பொட்டலத்தை உயர்த்திக் காட்டினாள். பொட்டலத்தின் சின்னக் கையைப் பிடித்து ஆட்டினாள்.

நாற்காலியில் இருந்தது பதிலுக்குக் கையை ஆட்டியது.

யூட்டில் சாவி எப்போதும்போல் தொங்கியது. விளக்குப் போடாமல் ஓட்டினாள். வழியெல்லாம் பக்கத்து இருக்கையில் ரேடியோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடியே வந்தது, கோபமில்லாமல்.

பக்கத்துப் பண்ணை நெவ் வாசலிலேயே துப்பாக்கியோடு நின்றான். அவனும் பன்னிரண்டாம் சேனலில்தான் இருந்தான், எல்லாவற்றையும் கேட்டிருந்தான். கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டு, அலமாரியை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டான்.

போலீஸ் வந்தபோது வீட்டில் யாருமில்லை. தோல் கிடைக்கவில்லை. லேப்டாப் அந்தப் பண்ணையின் பெயரிலேயே ஒழுங்காக இணைந்திருந்தது, ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். டெஸ் போனில் அழவில்லை, அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. அப்பா நல்லாத்தானே பேசினாரு என்றாள். எந்த ஆஸ்பத்திரி, எத்தனாவது மாடின்னு கேட்டாரு. ஜன்னல் தெறக்குமான்னு கேட்டாரு. மார்னி அன்றிரவே நெவ்வின் வண்டியில் அடிலெய்டுக்குக் கிளம்பினாள். டெஸ்ஸையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு மூன்று ஊர் மாறினாள். இப்போது இருக்கும் வீட்டில் கணினி இல்லை, போன் இல்லை. ஊர்ப் பெயரை அவள் தன் தங்கையைத் தவிர யாருக்கும் எழுதுவதில்லை.

நெவ் மட்டும் எப்போதாவது காகிதத்தில் எழுதி, அந்தத் தங்கை மூலம் அனுப்புவான். மழை, கம்பளி விலை, யார் பண்ணையை விற்றார்கள் என்று. சுற்றுவட்டாரம் முழுக்கப் பதினான்காம் சேனலுக்கு மாறிவிட்டதாம். பன்னிரண்டில் பேச முடிவதில்லை. பொத்தானை இன்னும் யாரோ அழுத்திப் பிடித்திருக்கிறார்கள்.