கூறைப்பெட்டியில் இருந்த நோட்டீஸ்

கோலாலம்பூர் ரயில் நிலையத்தின் பின்கட்டில், பயணிகள் மறந்துவிட்டுப் போகும் சாமான்களை வைக்கும் அறைக்கு விநாயகமூர்த்திதான் குமாஸ்தா, மலாயாப் பேச்சில் கிராணி. குடை, செருப்பு, பொய்ப்பல், ஒருமுறை உயிருள்ள சேவல்கூட அங்கே வந்து சேர்ந்ததுண்டு. பொருளைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார் என்று பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுக்கப் பேச்சு. பக்கத்து அறைத் தந்தி கிராணி ஜெயராஜுக்கு நண்பரை நினைத்து ஏகப் பெருமை. ஒரே ஒரு குறை, மூர்த்தியார் யோசிக்கத் தொடங்குவதற்குள் ஜெயராஜ் மூன்று பேரைக் குற்றவாளியாக்கிவிடுவார்.

1931ஆம் வருஷம் ஆவணி மாதத்துச் சனிக்கிழமை. அரைநாள் வேலை முடிந்து ஜெயராஜ் தொப்பியை எடுத்தபோது, அச்சுக்கூடம் வைத்திருக்கும் பழனியப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"கிராணி ஐயா, மோசம் போயிட்டேன்! சபைக் கொட்டகை நோட்டீஸைக் காணோம்!"

"இருங்கோ. முதல்ல தண்ணி குடியுங்கோ" என்றார் விநாயகமூர்த்தி. யாழ்ப்பாணத்து நிதானம் அவருக்கு ரத்தத்திலேயே ஊறியது.

விஷயம் இதுதான். ரயில் பாதையோரம் இருக்கும் சபைக் கொட்டகையில்தான் பட்டறைத் தொழிலாளர்கள் பஜனை பாடுவார்கள், நாடகம் போடுவார்கள், பகலெல்லாம் சுத்தியல் பிடித்த கையால் மாலையில் எழுத்துப் பழகுவார்கள். அந்த நிலத்தை விறகுக் கடை அய்யாவு கேட்டு மனுப் போட்டிருந்தார். 1910க்கு முன்பே கொட்டகை இருந்தது என்று அச்சில் ஏதாவது காட்டினால் சபைக்கே நிலம். இல்லாவிட்டால் திங்கட்கிழமையே பூட்டு என்று அதிகாரி சொல்லிவிட்டார். பழனியப்பனின் மகள் சீதாலெட்சுமிக்குப் புதன்கிழமை கல்யாணம். அதுவும் அதே கொட்டகையில்.

"எங்கப்பா அச்சடிச்ச எல்லாத்துலயும் ஒரு பிரதி ஒரு புஸ்தகத்துல ஒட்டி வெச்சிருக்காரு, ஐயா. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு விட்ட ரயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சோடாக் கடை லேபிள், எல்லாம் இருக்கு. அதுல 1909ல கொட்டகையில நடந்த நாடகத்துக்கு ஒரு நோட்டீஸ். மேல மயில்மேல முருகன். உலகத்துல மிஞ்சின ஒரே பிரதி அது. அச்சுக்கூடத்துல வெச்சா எவனாவது எடுத்துருவான்னு, காலையில புஸ்தகத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து கூறைப்பெட்டியில வெச்சேன். மத்தியானம் பார்த்தா அந்த ஒரு தாளை மட்டும் காணோம்!"

"கூறைச் சேலைக்கு மேலேயா வைச்சீங்கள்?"

"ஆமா ஐயா. வீட்டுலயே பத்திரமான இடம் அதுதானே?"

விநாயகமூர்த்தி அவரைச் சற்று நேரம் பார்த்தார். ஜெயராஜுக்கு அந்தப் பார்வையின் பொருள் புரியவில்லை.

"அய்யாவுதான் சார்!" என்றார் ஜெயராஜ். "கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம்."

"கண்ணைத் திறந்துகொண்டு போய்ப் பார்ப்பம்."

கல்யாண வீடு களைகட்டியிருந்தது. பந்தக்கால் நட்டு மூன்று நாள். கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை போட்டுக்கொண்டு, காப்பியில் சர்க்கரை கம்மி என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். கூறை பார்க்க வந்த பெண்கள் எல்லாரும் பெட்டியைத் திறந்து மூடியிருந்தார்கள். வாசலில் அய்யாவு கல்யாணச் சமையலுக்கு விறகு இறக்கிக்கொண்டிருந்தார்.

"எதிராளி வீட்டுக்கே விறகா?" என்று ஜெயராஜ் பாய்ந்தார்.

"மனு வேற, கல்யாணம் வேற" என்றார் அய்யாவு முறுக்கிக்கொண்டு. "நான் பாதை மேஸ்திரி சின்னையா மகன். அப்பா இந்தத் தண்டவாளத்துலதான் உழைச்சுச் செத்தாரு. அப்ப நான் ஊர்ல சின்னப் பய. இங்க வந்து கேட்டேன், அவரை எங்க வெச்சாங்க, யாரு காரியம் செஞ்சாங்க, ஒண்ணுக்கும் பதில் இல்ல. அந்தப் பாதையோரம் ஒரு துண்டு மண்ணு நமக்குன்னு இருக்கட்டுமேன்னு கேட்டேன். அது திருட்டா?"

உள்ளறையில் புத்தகத்தைத் திறந்தார்கள். மற்றத் தாள்களெல்லாம் முழுவதும் பசை தடவி ஒட்டியிருக்க, காணாமல் போனதை மட்டும் இடது ஓரத்தில் ஒரு கோடு பசையால் ஒட்டியிருந்த தடம் தெரிந்தது. கிழித்த அடையாளம் இல்லை. யாரோ ஓரத்தை ஈரத் துணியால் ஒற்றி, இதமாக உரித்திருந்தார்கள். தாள் கிடந்த இடத்தில் பழைய மை ஒட்டி, நாலு பக்கமும் மங்கலான கறுப்புக் கட்டம். பெட்டியின் மூடியிலும் தரையிலும் மஞ்சள் நிறத் துளிகள்.

"நோட்டீஸைச் சுற்றிக் கறுப்புக் கரை இருந்ததோ?" என்று கேட்டார் விநாயகமூர்த்தி.

"கரையே கிடையாது ஐயா. மயிலும் முருகனும், கீழே எழுத்து. அவ்வளவுதான்."

"உங்கட அப்பா அச்சடிக்க முதல் சரிபார்க்கிற புரூஃப் எதில எடுப்பார்?"

"கெட்டுப்போன தாள்லதான். பின்பக்கம் வெள்ளையா இருந்தா போதும். நாங்க எல்லாருமே அப்பிடித்தான்."

"இந்த நோட்டீஸின் பின்பக்கம் என்ன இருந்தது?"

பழனியப்பன் விழித்தார். "பின்பக்கத்தை யாரு ஐயா பார்க்குறா?"

அப்போது அவருடைய அக்கா புஷ்பவல்லி காப்பி கொண்டுவந்தார். கிள்ளானிலிருந்து கல்யாணத்துக்காக வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சடங்கு சம்பிரதாயத்தில் அவரை அசைக்க ஆளில்லை. ஈரத் தலையைத் துண்டால் முடிந்திருந்தார்.

"அத்தைக்கு இன்னைக்கு ரெண்டாவது குளியல்" என்று மணப்பெண் சீதாலெட்சுமி கேலி செய்தாள். "விடியக்காலையில தலைக்குக் குளிச்சாச்சு. இப்ப மறுபடியும்!"

"வெக்கையா இருந்துச்சுடி" என்றார் புஷ்பவல்லி, கூடத்துப் பக்கம் பார்த்தபடியே.

விநாயகமூர்த்தி காப்பியை ரசித்துக் குடித்தார். ஜெயராஜுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த தெருவிலுள்ள அச்சுக்கூடத்துக்கு ஓடி, எழுத்துக் கோக்கும் வாசுவைப் பிடித்துக் குடைந்துவிட்டு, வெற்றி முகத்தோடு திரும்பி வந்தார்.

"சார், வாசுவாத்தான் இருக்கணும்! கூலி உயர்வு கேட்டு முதலாளியோட முட்டிக்கிட்டிருக்கான். பசையைப் பத்தி அவனைவிட யாருக்குத் தெரியும்?"

"அவன் இண்டைக்கு வீட்டுக்கு வந்தானோ?"

"அதுதான் இடிக்குது. காலையிலேர்ந்து மிஷின்லயே இருக்கான். மதியச் சோத்தைக்கூட புஷ்பவல்லியக்காதான் கொண்டுபோய்க் குடுத்தாங்களாம். என்னைக்கும் கடைப்பையன் கொண்டு வர்றது."

விநாயகமூர்த்தியின் முகத்தில் புன்னகை அரும்பியது. "நல்ல வேலை செய்தீங்கள் ஜெயராஜ். முடிஞ்சுது. எல்லாரையும் அச்சுக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அய்யாவுவும் வரவேணும், அக்காவும் வரவேணும்."

"இங்கேயே சொல்லலாமே சார். கூடம் பெரிசா இருக்கு."

"இந்த வீட்டில சொல்லக்கூடாத ஒரு சொல் இருக்கு. அதை அங்கே சொல்லலாம்."

புஷ்பவல்லி அந்த வார்த்தையைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் ஆளாகப் படி இறங்கினார். ஜெயராஜின் சந்தேகப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லவே இல்லை.

அச்சுக்கூடத்தில் மை வாசனைக்கு நடுவே ஆளுக்கொரு பெட்டிமேல் உட்கார்ந்தார்கள். வாசு மிஷினை நிறுத்திவிட்டு, மை படிந்த கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஒருத்தரும் திருடேல்லை" என்று விநாயகமூர்த்தி ஆரம்பித்தார். "நாங்கள் எல்லாரும் தாளின் ஒரு பக்கத்தைத்தான் நினைச்சம். எடுத்த ஆள் மற்றப் பக்கத்தைப் பார்த்திட்டா. முருகன் பக்கத்துக்குக் கரையில்லை எண்டு பழனியப்பன் சொன்னார். அப்ப புத்தகத்தில கறுப்புக் கட்டம் பதிஞ்சது பின்பக்கத்தாலேதான். கெட்டுப்போன தாளில புரூஃப் எடுக்கிறது இவையின்ர வழக்கம். கறுப்புக் கரை போட்டு நீங்கள் என்ன அடிக்கிறனீங்கள்?"

வாசுவின் வாய் தானாகத் திறந்தது. "கருமாதிப் பத்திரிகை!"

"ஓம். எந்த வீட்டிலயும் அதை வாசிச்ச உடனே கிழிச்சு வெளியில போடுவினம். ஆனா அச்சுக்காரருக்கு அதுவும் ஒரு தாள். பழனியப்பன் அதைக் கொண்டுபோய் மகளின்ர கூறைக்கு மேலே வைச்சிட்டார்!"

"ஐயோ!" என்று பழனியப்பன் தலையில் கை வைத்தார்.

"அக்கா பெட்டியைத் திறந்து புத்தகத்தைத் தூக்கினா. இரண்டு பக்கமும் பார்க்கவெண்டு ஒரு ஓரம் மட்டும் ஒட்டின தாள், புரண்டு கறுப்புக் கரையைக் காட்டிப்போட்டுது. வாசிக்கத் தெரியவேணும் எண்டில்லை, கரையே போதும். இதமா உரிச்சு எடுத்தா. மஞ்சள் தண்ணி தெளிச்சா. வெளியில போய் வந்து தலைக்குக் குளிச்சா. கூடத்தில மாப்பிள்ளை வீட்டார் இருக்கேக்க வாய் திறக்க ஏலுமோ?"

புஷ்பவல்லி அழுதேவிட்டார். "தம்பி தேடுறப்பதான் அது பெரிய விஷயம்னே தெரிஞ்சுது. நான் என்ன செய்வேன்? கூறை மேலயே அது கெடந்துச்சுன்னு சம்பந்தி காதுல விழுந்தா, கல்யாணம் நின்னு போயிடாதா? தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். திங்கக்கிழமை கணக்கு எனக்குத் தெரியாதே!"

"அழாதேங்கோ அக்கா. நீங்கள் செய்தது சரி."

"அப்ப தாள் போச்சா?" என்றார் அய்யாவு. ஜெயராஜ் அவரை முறைத்தார். ஆனால் அய்யாவுவின் குரலில் மகிழ்ச்சி இல்லை என்பதையும் கவனித்தார்.

"எங்கே போகும்? யோசியுங்கோ. ஒரு பக்கம் முருகன். கிழிக்கவும் ஏலாது, எரிக்கவும் ஏலாது. மறுபக்கம் சாவு. வீட்டில வைக்கவும் ஏலாது, கோயிலுக்குக் கொண்டு போகவும் ஏலாது. அப்பிடிப்பட்ட தாள் குற்றமில்லாம இருக்கக்கூடிய இடம் இந்த ஊரில ஒண்டே ஒண்டுதான். இண்டைக்கு மட்டும் வாசுவுக்குச் சோறு கொண்டு வந்து, அவன் சாப்பிடும்வரைக்கும் இங்கே நிண்டது ஆர்? அப்பாவின்ர அச்சுக்கூடத்தை அறிஞ்ச அக்காதானே. வாசு, மிச்சக் கருமாதிப் பத்திரிகையெல்லாம் எதில போட்டு வைப்பாய்?"

வாசு தாவிப்போய்ப் பரணிலிருந்து பிஸ்கட் தகரம் ஒன்றை இறக்கினான். மூடியைத் திறந்தான். கறுப்புக் கரைத் தாள்களுக்கெல்லாம் மேலே, ஒரு கசங்கல்கூட இல்லாமல், மயில்மேல் முருகன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கண்டுபிடிச்சிட்டோம்!" என்று ஜெயராஜ் குதித்த குதிப்பில் எழுத்துப் பெட்டி ஒன்று கவிழ்ந்தது. வாசு திட்டக்கூட மறந்து சிரித்தான்.

விநாயகமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்தார். "பழனியப்பன், இதில வருஷம் எங்கே?"

"கீழே பாருங்கய்யா. 'வருகிற சனிக்கிழமை மாலை...'" பழனியப்பனின் குரல் தேய்ந்தது. எந்தச் சனிக்கிழமை? இன்றைக்கு ஒட்டி நாளைக்குக் கிழிகிற நாடக நோட்டீஸில் யார் வருஷம் போடுவார்கள்? ஒன்பதாம் வருஷம் என்று அப்பா வாயால் கேட்டதை, அச்சிலேயே பார்த்ததாக இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தார். "ஐயா... இது செல்லாதா?"

கல்யாணக் கொட்டகைக்குப் பூட்டு விழும் சத்தம் ஜெயராஜின் காதில் கேட்டே விட்டது.

"திருப்பிப் பார்ப்பம்" என்றார் விநாயகமூர்த்தி. "சாவு ஓலைக்காரர் நாள் போட மறக்கமாட்டினம்."

அவர் தாளைத் திருப்பி, நிதானமாக வாசித்தார்.

"சௌமிய வருஷம் ஆவணி மாதம் 10ந் தேதி, 1909ஆம் ஆண்டு. ரயில் பாதை மேஸ்திரி சின்னையா அவர்கள் காலமானார். அன்னாரின் மைந்தன் சிரஞ்சீவி அய்யாவு சிறுபிள்ளையாய் ஊரிலிருப்பதால், தோழர்களாகிய நாங்களே மகன் முறைக்கு நின்று கருமாதி செய்கிறோம். பாதையோரம் நமது சபைக் கொட்டகையில் எல்லாரும் வந்திருந்து அன்னம் ஏற்க வேண்டுகிறோம். இப்படிக்கு, தொழிலாளர் லயத்துத் தோழர்கள்."

அய்யாவு எழுந்தார். எழுந்த வேகத்தில் அவர் உட்கார்ந்திருந்த பெட்டி உருண்டது. தாளை வாங்கினார். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, தன் பெயர் வந்த இடத்தில் நின்றார்.

"என் பேரு" என்றார். "என் பேரு போட்டிருக்காங்க." பிறகு அந்தப் பெரிய மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். பழனியப்பன் அவரை அணைத்துக்கொண்டார். ஜெயராஜும் மூக்கைச் சிந்தினார், மை வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டே.

"எங்கப்பனுக்காகச் சோறு போட்ட எடத்தையா நான் விறகு அடுக்கக் கேட்டேன்?" அய்யாவு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "திங்கக்கிழமை அதிகாரி இங்கதான் வரட்டும். இதை நானே காட்டுறேன். மனுவை அவர் முன்னாடியே கிழிச்சுப் போடுறேன். அப்புறம், மொதலாளி, எனக்கு இதுல ஒண்ணு அடிச்சுக் குடுங்க."

"கல்யாணம் முடிஞ்சு!" என்று புஷ்பவல்லி அவசரமாகக் குறுக்கிட்டார். "கல்யாணம் முடிஞ்ச மறுநாள் அடிக்கட்டும். அதுவரைக்கும் அந்தத் தகரத்துக்கு வெளிய எங்கயும் வரக்கூடாது." சொல்லிவிட்டுத் துண்டைத் தேடினார். மூன்றாவது குளியலுக்கு.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார், இரண்டு பக்கமும் படிக்கச் சொல்லிக் கேட்டார், நிலம் சபைக்கே என்று முத்திரை குத்தினார். புதன்கிழமை சீதாலெட்சுமிக்குத் தாலி ஏறியது. கூறைப்பெட்டி விவகாரம் இன்றுவரை சம்பந்தி வீட்டுக்குத் தெரியாது.

பந்தியில் ஜெயராஜுக்குப் பக்கத்தில் விநாயகமூர்த்தி உட்கார்ந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்வை வழிய, வாளியும் கரண்டியுமாக வந்தவர் அய்யாவு. விறகுக்கும் கூலி வாங்கவில்லை, உட்காரவும் மாட்டேன் என்றுவிட்டார்.

"ஏன் அண்ணே, வேற ஆளு இல்லையா? நீங்க உக்காந்து சாப்பிடலாமே" என்றார் ஜெயராஜ்.

"இந்தக் கொட்டகையில அன்னைக்கு நான் பரிமாறியிருக்கணும்" என்றார் அய்யாவு. "இருபத்திரெண்டு வருஷம் லேட்டு. இலையை நல்லா விரிங்க சார்." சொல்லிக்கொண்டே ஜெயராஜின் இலையில் சோற்றைக் குவித்தார்.