இரண்டு இழுப்பு

மிதவையின் அறைக்குள் அப்போது நான்கு பேர் இருந்தார்கள். தூர்வாரும் இயந்திரத்தை ஓட்டுகிறவள் தன் நாற்காலியில், கண்ணாடிக்கு நேராக. கயிறு பிடிக்கிற அவள் கணவர் கதவோரம் குந்தியிருந்தார். ஆழம் பார்க்க இரும்புக் குண்டு கட்டிய கயிறு அவர் உள்ளங்கை வழியாகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. கால்வாய் அலுவலகத்து மேற்பார்வையாளர் கருவிப் பெட்டியின்மேல் கைக்குட்டை விரித்து உட்கார்ந்திருந்தார். வளைவுக்கு அந்தப்பக்கம் சேற்றில் சிக்கிய படகுகளின் சார்பாக வந்த படகுக்காரி, வாசற்படியில் காலை வெளியே தொங்கப்போட்டிருந்தாள்.

பகல்தான். ஆனால் மூடுபனி இரு கரைகளையும் தின்று தீர்த்திருந்தது. அழுகிய பாசியின் வாடை தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

"கையெழுத்துப் போட்டுடும்மா. 'இந்த வளைவைத் தூர்வார முடியாது'ன்னு ஒரு வரி. மண்ணக் கொட்டி மூடிடலாம். கீழ என்னமோ இருக்குன்னு ரெண்டு குழு ஓடியே போச்சு" என்றார் மேற்பார்வையாளர்.

"பேய்க்குப் பயந்து கால்வாய மூடினா நாங்க படகத் தலையில தூக்கிட்டுப் போகவா சார்?" என்றாள் படகுக்காரி. "என் வீட்டுக்காரர் விடுற குறட்டையையே தாங்குறேன். பேய் என்ன பெரிய பேய்!"

ஓட்டுகிறவள் சிரிக்கவில்லை. அவளுடைய கொழுந்தன் கடைசியாகத் தண்ணீரில் இறங்கியது இந்த வளைவில்தான். இயந்திரத்தின் வாளியில் சிக்கும் கம்பி, வேர் எல்லாவற்றையும் முங்கிப்போய் அறுத்தெடுப்பது அவன் வேலை. நீர்க்கோழி என்று கூப்பிடுவார்கள். போன கோடையில் வேறொரு குழுவோடு வேலைக்கு வந்தவன் வீடு திரும்பவில்லை. வேலை பிடிக்காமல் சொல்லாமல் ஓடிவிட்டான் என்றது அலுவலகம். "அண்ணி, எனக்கும் சேர்த்து ஆக்கி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனவன் எப்படி ஓடுவான்? இங்கே மண்ணைக் கொட்டிவிட்டால் அப்புறம் அவனைத் தேடவும் வழியில்லை.

"போட மாட்டேன்" என்றாள்.

அப்போது கயிறு விறைத்தது.

ஒரு இழுப்பு. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

கணவரின் முகம் வெளுத்துப்போயிற்று. தண்ணீருக்குள் இறங்கியவன் இரண்டு முறை இழுத்தால் 'என்னைத் தூக்கு' என்று அர்த்தம். மேலே இருப்பவன் உடனே இரண்டு முறை இழுத்துப் பதில் தர வேண்டும். பதில் தராத ஆளை இந்தத் தொழிலில் எவரும் கூடச் சேர்ப்பதில்லை.

"நீரோட்டமா இருக்கும்" என்றார் மேற்பார்வையாளர். குரல் கீச்சென்றது.

"ஓட்டம் எங்க சார் இருக்கு? பாசியே அசையல" என்றாள் படகுக்காரி.

மறுபடி இரண்டு.

"ஏங்க, பார்த்துக்கிட்டே இருந்தா எப்படி? பதில் குடுங்க" என்றாள் ஓட்டுகிறவள்.

கணவர் இரண்டு முறை இழுத்தார். கீழிருந்து ஒரு குமிழி வந்து உடைந்தது. அவள் இயந்திரத்தை முடுக்கினாள். வாளி மெல்லத் திரும்பியது.

"அங்க வேணாம்! இடது பக்கம் தோண்டாத, அங்கதான் ஊன்றுகால் இறங்கி..."

மேற்பார்வையாளர் வாயைப் பொத்திக்கொண்டார்.

மிதவை நகராதிருக்கச் சேற்றில் இறக்கும் இரும்புத் தூண்தான் ஊன்றுகால். ஆள் கீழே இருக்கையில் அதை இறக்கவே கூடாது.

"யார் மேல இறங்கிச்சு?" அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேற்பார்வையாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவன் கயிற இழுத்தானா?"

"இழுத்தான்." குரல் காற்றாக வந்தது. "வேலை நிக்குமேன்னு... நான்தான் இறக்கச் சொன்னேன்."

கணவர் எழுந்து அவர் சட்டையைப் பற்றினார்.

"விடுங்க அவர. கயிறப் பிடிங்க. உங்க தம்பி காத்துட்டிருக்கான்."

அவள் வாளியை, தூங்கும் குழந்தைக்கு அடியில் கை கொடுப்பதுபோல் இறக்கினாள். கறுத்த சேறு வழிய வழிய மேலே வந்தது. சேற்றுக்குள் எலும்புகள், ஒரு இடுப்புக் கயிறு. கணவர் அதன் முடிச்சைத் தடவிப் பார்த்தார். தம்பிக்கு அவரே போட்டுக் கொடுத்த முடிச்சு. படகுக்காரி தன் மேல்துணியை உருவி, எலும்புகளைப் போர்த்தினாள்.

ஓட்டுகிறவள் கை கழுவிக்கொண்டு அலுவலகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். இன்னார் சொல்ல இன்ன இடத்தில் ஊன்றுகால் இறக்கப்பட்டது. இறந்தவர் இன்று எடுக்கப்பட்டார். வளைவை மூடச் சம்மதமில்லை. படகுகள் போகும்வரை வேலை நடக்கும். மேற்பார்வையாளரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் கையெழுத்திட்டார்.

கதவோரம் கட்டிப்போட்டிருந்த கயிறு சரக்கென்று விறைத்தது.

ஒன்று.

இரண்டு.

நான்கு பேரும் போர்த்திய துணியைப் பார்த்தார்கள். அது அசையாமல் கிடந்தது.

"அன்னைக்கு இறங்கினது அவன் ஒருத்தன்தான்" என்று முனகினார் மேற்பார்வையாளர். "சத்தியமாம்மா. வேற யாருமே இல்ல."

கயிறு மறுபடி இழுபட்டது, முன்னைவிட மெதுவாக, சிறிய கை ஒன்று இழுப்பதுபோல. அது ஓய்ந்ததும் இன்னொரு கை, வலுவாக. அப்புறம் வேறொன்று. முறை வைத்து, ஒருவர் பின் ஒருவராக.

"அக்கா, போயிடலாம்" என்றாள் படகுக்காரி. இப்போது அவள் குரலில் கேலி இல்லை.

"இந்த வளைவு விழுங்கினவங்க எல்லாம் கூப்பிடுறாங்க. விட்டுட்டு எங்க போறது?" என்றாள் ஓட்டுகிறவள்.

அவள் கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தாள்: 'கீழே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். கடைசி ஆள் வரும்வரை இந்த மிதவை நகராது.' மடித்து உறையிலிட்டாள். பசையைத் தடவி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள்.

"பெரிய அதிகாரி கையிலயே குடு. வேற யார் கேட்டாலும் குடுக்காத."

படகுக்காரி உறையை மார்போடு அணைத்துக்கொண்டு கரைக்குப் போட்டிருந்த பலகைமேல் ஓடினாள். மூடுபனி அவளை மூடிக்கொண்டது.