கதவு திறந்தால் சொல்ல வேண்டியது

மணி ஒலித்தது, தானியங்கிக் கதவு விலகியது. வாசலில் யாரும் இல்லை.

நாக்கு நுனிவரை வந்த "வாங்க"வைக் கல்லாவில் நின்ற கினுயோ விழுங்கிக்கொண்டாள். மணி கேட்டால் ஆளைப் பார்க்காமலே வரவேற்பது கடை வழக்கம். மின்கட்டணம் கட்ட, பார்சல் அனுப்ப, சூடாக ஒரு டின் காப்பி குடிக்க என்று அந்த அவொமோரி மீன்பிடி ஊரே ஏறி இறங்கும் கடை அது. இலையுதிர்காலத்தில் அவள் கணவன் கெய்ஸோவின் படகு கவிழ்ந்தது, உடல் கிடைக்கவில்லை. திரும்பி வருவார் என்று சொல்லியே அவள் இறுதிச் சடங்குக்கு ஒப்பவில்லை.

"அக்கா, மறுபடியும் வாயத் தைச்சுக்கிட்டீங்களா? மேனேஜர் பாத்தாருன்னா அவ்வளவுதான்," என்றாள் உடன் வேலை செய்யும் மினோரி.

"யாரும் வரலடி."

"பனிக்காத்து வந்தாலும் வாங்கன்னு சொல்லணும். அதுவும் கஸ்டமர்தான்!"

சிரித்துக்கொண்டே அவள் குளிர் அறைக்குள் போனாள். பானங்கள் இருக்கும் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் அந்த அறை. அங்கிருந்துதான் பாட்டில்களை முன்னால் தள்ளி நிரப்புவார்கள்.

மீண்டும் மணி. இம்முறை கதவு மூடவில்லை. நிலைப்படியில் யாரோ நிற்பதுபோல் திறந்தே கிடந்தது, பனியின் குளிரோடு அழுகிய கடற்பாசியின் நாற்றம் மெல்ல உள்ளே வந்து கல்லாவைச் சூழ்ந்தது, அதற்கும் பின்னால், இருட்டத் தொடங்கிய தெருவிலிருந்து, உப்புக்காற்றில் கரகரத்த ஒரு செருமல் கேட்டது. கெய்ஸோவின் செருமல். கூப்பிட வாயைத் திறந்தாள். பயத்தில் குரல் எழவில்லை.

உள்ளிருந்து மினோரி பழக்கத்தில் கூவினாள்: "வாங்க! வாங்க!"

கதவு மூடியது.

தரையில் ஓர் ஈரத் தடம். இன்னொன்று. கல்லாவை நெருங்கியது. கினுயோ மூச்சை அடக்கினாள். தடம் நிற்கவில்லை. அவளைத் தாண்டிப் போனது. அழைத்தவளிடம்.

"மினோரி, வெளிய வா!"

"இதோக்கா, இந்த டீய மட்டும் அடுக்கிட்டு—"

அவ்வளவுதான்.

அலமாரியில் ஒரு பாட்டில் முன்னால் நகர்ந்தது. அடுத்தது. கண்ணாடியில் முட்டி நின்றன. பின்னாலிருந்து ஏதோ இன்னும் தள்ளியது.

இடைவெளியில் ஊறி வெளுத்த விரல்கள். நீர் சொட்டும் நீலக் கம்பளிச் சட்டைக் கை. கினுயோ கெய்ஸோவுக்குப் பின்னிக் கொடுத்தது.

அதன் பிடிக்குள், அசையாமல், மினோரியின் கை.