வண்ணம் அரைத்த காவலன்

வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில், மூன்று புறமும் நீர் சூழ நிமிர்ந்து நின்ற ஆழ்துறைக் கோட்டையின் மதில்கள் மீது அந்திக் கதிரவனின் கடைசிச் செவ்வொளி தயங்கித் தயங்கி நின்றது. கீழ்த்திசையில் தென்னந்தோப்புகளுக்கு மேலே எழுந்த முழுமதியோ, பகலவன் இன்னும் விடைபெறவில்லையே என்று கூசியதுபோல் வெளிறித் தோன்றியது. ஆற்று அலைகள் ஒரு பாதி பொன்னாகவும் மறுபாதி வெள்ளியாகவும் மினுங்கின.

ஆனால் நாம் தேடி வந்த கண்கள், வாசகர்களே, ஆற்றைப் பார்க்கவில்லை; சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தக் கண்களுக்கு உரியவள் கருங்குன்ற நாட்டு அரசன் மகள் அரிஞ்சிகை. நெடும்போர் ஓய்ந்தபோது, உடன்படிக்கைக்குப் பிணையாக ஆழ்துறை அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டவள். தந்தை உடன்படிக்கையை மீறினால் மகளின் உயிர் போகும் என்பது ஏற்பாடு. ஆழ்துறை மன்னன் நெடுஞ்சேந்தன் அப்போது வடபுலத்துப் போர்க்களத்தில் இருந்தான். திரும்பி வந்த பின்பும் அவளை ஒருமுறையேனும் அவைக்கு அழைத்ததில்லை.

வந்த புதிதில் அவள் உண்ணாமலும் உறங்காமலும் துரும்பாய் இளைத்தாள். ஒருநாள், தான் காவலில் இருந்த, படகுகள் நுழையும் நீர்வாயில் மண்டபத்தின் வெறுஞ்சுவரில் அடுப்புக்கரியால் தன் மலைநாட்டுப் பாதை ஒன்றைக் கீறினாள். கீறி முடித்தபோது பொழுது போனதே தெரியவில்லை. பசித்தது. அன்றிரவு நன்றாக உறங்கினாள். பின்பு சுண்ணமும் காவிக்கல்லும் கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது அச்சுவரில் அருவி விழுந்தது; சந்தை கூடியது; பெண்கள் தேன்குடம் சுமந்து மேடேறினார்கள். தூரிகையைக் கையிலெடுத்த கணமே அரிஞ்சிகை அவர்களோடு நடக்கத் தொடங்கிவிடுவாள். எந்தப் பூட்டும் அவளை அங்கே தடுப்பதில்லை.

அவளுக்குத் துணையாக மாலைதோறும் வண்ணம் அரைத்துக் கொடுத்தவன் காரி என்னும் காவலன்.

"தேவி, பலா மரத்தடியில் வாயைத் திறந்துகொண்டு உறங்குகிறாரே, இவர் யார்?" என்று ஒருமுறை கேட்டான்.

"எங்கள் அரண்மனை வாயிற்காவலர் தலைவர். காவல் காப்பதில் உம்மைப்போலவே கெட்டிக்காரர்!"

காரி மண்டபமே அதிரச் சிரித்தான். பிறகு சட்டென்று குரல் தாழ்ந்தது. "என்னைத் தேடி வருகிறவர்கள் எல்லாரும் எதையாவது வேண்டித்தான் வருகிறார்கள். இந்தச் சுவரில் உள்ளவர்களுக்கு மட்டுமே என்னிடம் எதுவும் வேண்டாம். இவர்களைப் பார்த்தால் நெஞ்சு லேசாகிறது."

"ஒரு காவலரிடம் போய் யார் என்ன கேட்டுவிடப் போகிறார்கள்?" என்று அவள் நகைத்தாள். அவன் அரைகல்லின் மேல் குனிந்துகொண்டான்.

இன்று அந்தக் காரியின் கவனம் வேலையில் இல்லை. அரைத்த காவியையே மறுபடியும் அரைத்தான். பிறகு, "வெளிக்காவலர்களிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு வருகிறேன்" என்று எழுந்து போனான்.

அவன் சென்ற சிறிது நேரத்தில் சுண்ணாம்புப் படகொன்று நீர்வாயிலுக்குள் நுழைந்தது. முண்டாசை அவிழ்த்தபடி படியேறி வந்த படகோட்டியைக் கண்டதும் அரிஞ்சிகையின் கையிலிருந்த தூரிகை நழுவியது.

"எயினா!"

"சத்தம் போடாதே அக்கா!" என்றான் அவளுடைய தம்பி. "நம் தந்தை உடன்படிக்கையை முறித்துவிட்டார். படை புறப்பட்டுவிட்டது. இங்கே செய்தி பரவுமுன் உன்னைக் கொண்டுபோக வந்தேன். நீர்வாயில் திறந்தே கிடக்கிறது. தெய்வம்தான் துணை நின்றது. புறப்படு!"

"நான் இங்கே இருக்கும்போதா முறித்தார்?"

எயினன் தலைகுனிந்தான். "உன்னை மீட்ட பிறகு ஆகட்டும் என்று காலைப் பிடித்துக் கெஞ்சினேன். கேட்கவில்லை."

அரிஞ்சிகை உதட்டைக் கடித்துக்கொண்டாள். படகை நோக்கி இரண்டடி வைத்தவள் அப்படியே நின்றாள்.

"வரமாட்டேன். நான் தப்பினால் காரி என்ற காவலரின் தலை உருளும்."

"அக்கா! யாரோ ஒரு காவலனுக்காகவா?"

"யாரோ அல்ல. இந்தச் சிறையில் என்னைச் சிரிக்க வைத்தவர். அவர் உயிரை விற்று என் உயிரை வாங்கினால், இனி நான் தூரிகையைத் தொட முடியாது."

"அந்தக் காவலன் கொடுத்துவைத்தவன்" என்றது தூணருகே ஒரு குரல்.

எயினன் குறுவாளை உருவிக்கொண்டு பாய்ந்தான். காரி விலகவில்லை, வாளையும் தொடவில்லை. மடியிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்து விரலில் அணிந்து, நிலவொளியில் நீட்டினான். அதில் ஆழ்துறையின் சுறா முத்திரை பளபளத்தது.

"மன்னர் நெடுஞ்சேந்தர்!" எயினனின் கை தானாகத் தாழ்ந்தது.

"ஆம், இளவலே. செய்தி காலையிலேயே வந்துவிட்டது. அமைச்சர்கள் உம் தமக்கையின் உயிரைக் கேட்டார்கள். நாளை முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். உம் படகு வருவதை ஒற்றர் மூலம் அறிந்து, நீர்வாயிலைத் திறந்து வைத்ததும், காவலர்களை அகற்றியதும் நானே."

அரிஞ்சிகையின் கண்களில் நீரும் நெருப்பும் ஒருங்கே எழுந்தன. "இத்தனை நாளும் என்னிடம் பொய் சொன்னீர்களே!"

"பெயர் ஒன்றுதான் பொய், தேவி. மற்றபடி இந்தக் கல்லருகே அமர்ந்து நான் சொன்ன சொல் அத்தனையும் மெய். நீங்கள் சிறையை மறக்க வரைந்தீர்கள். நான் சிங்காதனத்தை மறக்க வண்ணம் அரைத்தேன். போய் வாருங்கள். அமைச்சர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்."

அவள் படகில் ஏறி, நிமிர்ந்து நின்று, காவி படிந்த வலக்கையை உயர்த்தினாள்.

"என் தந்தையின் படை வெள்ளாற்றைக் கடக்க விடமாட்டேன். அவர் என் சொல்லைக் கேளாது போனால், அந்தப் படைக்கு முன்பே நான் இந்த வாயிலில் வந்து நிற்பேன். எங்கள் குன்றத்துக் கொற்றவை மேல் ஆணை!"

"கேட்டுவிட்டால்?" என்றான் அவன். அது மன்னனின் குரலாக இல்லை. காரியின் குரலாகவே இருந்தது.

"அப்போதும் வருவேன்" என்றாள் அரிஞ்சிகை, முகத்தைத் திருப்பிக்கொண்டு. "ஆனால் பிணையாக அல்ல."

கருங்குன்றத்துப் படை அவ்வாண்டு வெள்ளாற்றைக் கடக்கவில்லை, வாசகர்களே. மழைக்காலம் ஓய்ந்த பிறகு, மலைநாட்டு மேளம் முழங்க, பல்லக்கு ஒன்றுதான் கடந்தது.